ஒரே எபிசோடில் மூன்று பாணி: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

'ஃபியூச்சுராமா' கார்ட்டூன் தொடரின் ஆறாவது சீசன் 2011 செப்டம்பர் 8 அன்று 'ரீஇன்கார்னேஷன்' என்ற எபிசோடோடு முடிந்தது. அதில் மூன்று குட்டிக் கதைகள். முதல் கதை 1930-களின் கறுப்பு வெள்ளை கார்ட்டூன் பாணியில் இருக்கும். இரண்டாவது பழைய வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றாவது 1970-களின் ஜப்பானிய டிவி அனிமே பாணி. கதாபாத்திரங்கள் அதே ஆட்கள்தான், குரலும் அதேதான். படம் மட்டும் மூன்று முறை அடியோடு மாறுகிறது.

இந்த மாதிரி எபிசோடைப் பார்த்ததும் அனிமேஷன் பழகுகிற பலருக்கும் கை துறுதுறுக்கும். பந்து துள்ளுவது, ஆள் நடப்பது என்று அடிப்படைப் பயிற்சிகளை முடித்துவிட்டு, இரண்டு மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு மூன்று நிமிட நகைச்சுவை செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கணினி, ஒரு போன், கொஞ்சம் களிமண், நிறையப் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: பார்க்கும்போதே குறிப்பெடுங்கள்

'ரீஇன்கார்னேஷன்' ஏன் சிரிக்க வைக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முதல் கதையில் இதுவரை யாருமே பார்த்திராத ஒரு புது நிறம் தோன்றுகிறது. திரையில் இருப்பவர்கள் எல்லாம் சொக்கிப் போகிறார்கள். பார்க்கும் நமக்கோ அது வெறும் சாம்பல். இரண்டாவது கதையில் பேராசிரியர் பொருள்களின் மிகச் சிறிய துகளைத் தேடுகிறார். ஆனால் அந்த உலகமே பெரிய பெரிய கட்டங்களால் ஆனது. மூன்றாவதில் உடல் அசைவாலேயே பேசும் வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். அந்த அனிமே பாணியிலோ யாரும் சரியாக அசைவதே இல்லை.

மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். கதைக்கு எது உயிரோ, அதைக் காட்டும் சக்தி அந்தப் பாணிக்கு இல்லை. அந்த இடத்தில்தான் சிரிப்பு வருகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பாணிக்கு என்ன முடியாது என்பதிலிருந்து நகைச்சுவையைத் தொடங்குங்கள். அது இல்லாவிட்டால் பாணி மாற்றம் வெறும் வேஷம். முதல் பத்து விநாடி அழகாக இருக்கும், அப்புறம் பார்ப்பவர்களுக்கு அலுத்துவிடும்.

இன்னும் சில எபிசோடுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். 1995-இல் வந்த 'தி சிம்ப்சன்ஸ்' ஹாலோவீன் எபிசோடில் ஹோமர் விருந்தாளிகளிடமிருந்து ஒளிந்துகொள்ளப் புத்தக அலமாரிக்குப் பின்னால் போகிறார். அங்கிருந்து முப்பரிமாண உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறார். அந்தக் கணினி அனிமேஷனைச் செய்து கொடுத்தது பசிஃபிக் டேட்டா இமேஜஸ் நிறுவனம். 2006-இல் 'சவுத் பார்க்' தொடர் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை வைத்து ஒரு எபிசோடு எடுத்தது; விளையாட்டைத் தயாரித்த பிளிஸார்ட் நிறுவனமே அதற்குக் கைகொடுத்தது. 'அட்வென்ச்சர் டைம்' தொடரோ வேறு வழியில் போனது. மசாக்கி யுவாசா, டேவிட் ஓரைலி, கர்ஸ்டன் லெபோர் போன்ற கலைஞர்களைத் தனித்தனியாக அழைத்து ஆளுக்கொரு எபிசோடைக் கையில் கொடுத்துவிட்டது. 'தி அமேசிங் வேர்ல்ட் ஆஃப் கம்பால்' தொடரில் பாணிக் கலவை விசேஷ நாள் சமாசாரமே இல்லை. தட்டையாக வரைந்த பூனையும் முப்பரிமாண டைனோசரும் புகைப்பட வகுப்பறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்துங்கள். ஒரு படம் எத்தனை ஃபிரேமுக்கு அசையாமல் நிற்கிறது, வாய்க்கு எத்தனை வடிவங்கள், கேமரா நகர்கிறதா, கோடு எவ்வளவு தடிமன், பின்னணியும் ஆளும் ஒரே மாதிரி வரையப்பட்டிருக்கிறதா என்று எழுதி வையுங்கள். "பழைய கார்ட்டூன் மாதிரி" என்று பொதுவாக எழுதி வைத்தால் பின்னால் எதற்கும் உதவாது. "கை கால்களில் முட்டி இல்லை, ரப்பர் குழாய் போல வளைகின்றன, சும்மா நிற்கும்போதும் இசைக்கேற்ப உடம்பு குதிக்கிறது" என்று எழுதினால் அதை அப்படியே செய்து பார்க்கலாம்.

இரண்டாம் படி: கதையும், பாணி மாறுவதற்கான வாசலும்

மூன்று நிமிடப் படத்துக்கு உங்கள் வழக்கமான பாணி ஒன்று, புதுப் பாணி இரண்டு. அவ்வளவே போதும் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு பாணியிலும் ஓர் ஆள் தேறுவதற்கே வாரக்கணக்கில் பிடிக்கும். தலைப்பு மூன்று பாணி என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். குழுவில் களிமண் வேலையில் ஆசை உள்ளவர் ஒருவர் இருந்தால் மட்டும் இன்னொன்றைச் சேருங்கள். கீழே உள்ள உதாரணக் கதையில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்பதற்காக அதையும் சேர்த்திருக்கிறேன்.

கதை இது. பாட்டி ஒரு விஞ்ஞானி. பேரன் அவருக்கு உதவியாளன். பாட்டி செய்த இயந்திரத்தில் இரண்டு பட்டன்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பேரன் முழங்கை பட்டுச் சிவப்பு பட்டன் அழுந்திவிடுகிறது. உலகம் கறுப்பு வெள்ளையாக மாறுகிறது.

"பாட்டி, இப்ப என்ன பண்றது?"

"பதறாதே. சிவப்பைத் தொட்டுடாதே. பச்சையை அழுத்து, எல்லாம் சரியாப் போயிடும்."

பேரன் குனிந்து பார்க்கிறான். ஒரே மாதிரி இரண்டு சாம்பல் பட்டன்கள்.

குத்துமதிப்பாக ஒன்றை அழுத்துகிறான். உலகம் பிக்சல் கட்டங்களாகிறது. "கையேட்டுல கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கேன், படிடா" என்கிறார் பாட்டி. பேரன் கையேட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறான். ஒரு வரிக்கு நான்கு புள்ளி. இன்னும் பக்கத்தில் கொண்டுபோகிறான். அதே நான்கு புள்ளி, பெரிதாக. மறுபடியும் ஒரு பட்டன். இப்போது எல்லோரும் களிமண். இயந்திரத்தை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று பாட்டி பூதக்கண்ணாடியை எடுக்கிறார். இயந்திரத்தின் மேல் கைரேகை. மேசையில் கைரேகை. பேரன் கன்னத்தில், அவருடைய சொந்த மூக்கில், எங்கு பார்த்தாலும் அதே பெரிய கட்டைவிரல். இருவரும் மெதுவாக நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கதையில் பட்டன்தான் வாசல். பாணி மாறுவதற்குக் கதைக்குள் ஒரு காரணம் இருந்தால் பார்ப்பவர்கள் கேள்வி கேட்காமல் கூடவே வருவார்கள். ஹோமருக்குப் புத்தக அலமாரி, சவுத் பார்க் பையன்களுக்கு விளையாட்டுத் திரை. 'கம்யூனிட்டி' என்ற நகைச்சுவைத் தொடர் உண்மையான நடிகர்கள் நடித்தது. 2010 டிசம்பரில் அதன் ஒரு எபிசோடு முழுக்க ஸ்டாப் மோஷனாக, அதாவது பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் படமாக எடுத்து, வந்தது. ஏபெட் என்ற இளைஞனின் கண்ணுக்கு எல்லோரும் பொம்மைகளாகத் தெரிகிறார்கள், அவன் மனதில் இருக்கும் ஒரு வலிதான் அதற்குக் காரணம் என்று கதை சொன்னது. வாசலே இல்லாமலும் செய்யலாம், ஃபியூச்சுராமா அப்படித்தான் செய்தது. ஆனால் அந்தக் கதாபாத்திரங்களை ரசிகர்கள் பல வருடங்களாக அறிவார்கள். உங்கள் பாட்டியையும் பேரனையும் யாருக்கும் தெரியாது. வாசல் வைத்துக்கொள்வது நல்லது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் பகுதியின் நகைச்சுவையைக் களிமண் பகுதிக்கு மாற்றிப் பாருங்கள். அங்கேயும் சிரிப்பு வந்தால் அந்த நகைச்சுவைக்கு அந்தப் பாணி தேவையில்லை என்று அர்த்தம், வேறு யோசியுங்கள். சாம்பல் பட்டன் களிமண்ணில் செல்லாது, கைரேகை பிக்சலில் செல்லாது. இப்படி இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்தப் பாணியிலும் அடையாளம் தெரிகிற முகங்கள்

ஒரு கதாபாத்திரத்துக்கு மூன்று அடையாளங்கள் போதும். ஃபியூச்சுராமாவில் லீலாவுக்கு ஒற்றைக் கண், பெண்டருக்குத் தலையில் ஆண்டெனா, ஃப்ரைக்கு முன்முடி. கோட்டில் வரைந்தாலும் கட்டத்தில் அடைத்தாலும் இவர்கள் யாரென்று உடனே தெரியும். நம் பாட்டிக்கு உருண்டைக் கொண்டை, வட்டக் கண்ணாடி, கூன். பேரனுக்கு ஒல்லி உடம்பு, நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு கொத்து முடி, பெரிய ஷூ.

வடிவத்தைச் சோதிக்க உடம்பு முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். நிழலை வைத்தே இருவரையும் பிரித்தறிய முடிய வேண்டும். அடுத்து 16 கட்ட அகலம், 24 கட்ட உயரத்துக்குள் வரைந்து பாருங்கள். கண்ணாடியும் கொண்டையும் அதற்குள் அடங்காவிட்டால் வடிவத்தை இப்போதே மாற்றுங்கள், பின்னால் மாற்றுவது பெரிய வேலை. நிறத்தை மட்டும் அடையாளமாக நம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளைக்குப் போனதும் அது காணாமல் போய்விடும்.

நான்காம் படி: குரல் முதலில், படம் அப்புறம்

குரலை முதலில் பதிவு செய்துவிடுங்கள். பாணி எத்தனை முறை மாறினாலும் குரல் மாறாமல் இருப்பதால்தான் "இது அதே பாட்டி" என்று பார்ப்பவர் மனம் ஒப்புக்கொள்கிறது. வசனங்களைப் பாணிவாரியாகப் பிரித்துப் பேசாமல், முழுக் கதையையும் ஒரே மூச்சில் நாடகம் போலப் பேசிப் பதிவு செய்தால் உணர்ச்சி தொடர்ச்சியாக இருக்கும்.

அப்புறம் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பது. அந்தப் படங்களைக் குரலோடு சேர்த்து நேரப்படி ஓட்டினால் அதுதான் அனிமேட்டிக். இந்தக் கட்டத்தில் பாணியைக் காட்ட முயல வேண்டாம். எல்லாம் பென்சில் கிறுக்கலாகவே இருக்கட்டும். கிறுக்கலிலேயே சிரிப்பு வந்தால் கதை நிற்கிறது என்று பொருள்.

நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 180 விநாடி. வழக்கமான பாணியில் தொடக்கம் 30, கறுப்பு வெள்ளை 45, பிக்சல் 40, களிமண் 35, முடிவு 30. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 4320 ஃபிரேம். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படிப் பார்த்தாலும் 2160 படம். மலைக்க வேண்டாம். சுழற்சியாகத் திரும்பத் திரும்ப வரும் அசைவு, அசையாமல் நிற்கும் இடங்கள், வாய் மட்டும் அசையும் இடங்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும்.

ஐந்தாம் படி: பாணிக்கு ஒரு பக்கம்

ஒவ்வொரு பாணிக்கும் ஒரே ஒரு பக்கத்தில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். திரையின் விகிதம், கோட்டின் தடிமன், நிறங்கள், ஒரு படம் எத்தனை ஃபிரேம் நிற்கும், கேமரா என்ன செய்யலாம், வாய் வடிவங்கள், ஒலி. விதிக்கு உட்படாத எதையும் அந்தப் பகுதியில் அனுமதிக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் பகுதியில் கணினி செய்யும் வழுக்கலான ஜூம் ஒன்று நுழைந்தாலே மாயம் கலைந்துவிடும்.

பல கைகள் வேலை செய்யும்போது இந்தப் பக்கம்தான் காப்பாற்றும். சில சமயம் ஒற்றுமையே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். 2017-இல் 'பாப்ஸ் பர்கர்ஸ்' தொடரின் 'பிரஞ்ச்ஸ்குவாட்ச்' எபிசோடுக்கு ரசிகர்கள் 62 பேரின் ஓவிய பாணிகளைப் பயன்படுத்தினார்கள்; காட்சிக்குக் காட்சி முகம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே மாறிக்கொண்டே இருப்பதுதான் விதி.

ஆறாம் படி: கறுப்பு வெள்ளைப் பகுதி

இதற்குக் கிரிட்டா அல்லது ஓபன்டூன்ஸ் மென்பொருள் போதும், இரண்டும் இலவசம். திரையை 1440-க்கு 1080 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920-க்கு 1080 திரையில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்து பழைய 4:3 விகிதம் கிடைத்துவிடும்.

அந்தக் காலக் கார்ட்டூனின் உயிர் இசையில் இருக்கிறது. முதலில் தாளத்தை முடிவு செய்யுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், 24 ஃபிரேம் வேகத்தில் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் வீதம் ஆறே படங்களில் உடம்பு ஒரு முறை குதித்து எழும் சுழற்சி முடிந்துவிடும். பாட்டி, பேரன், இயந்திரம், மேசைமேல் இருக்கும் குடுவை எல்லாமே அந்தத் தட்டுக்கு ஆடட்டும். கையில் வெள்ளைக் கையுறை, நான்கு விரல், கண்ணில் ஒரு துண்டு வெட்டி எடுத்தது போன்ற வட்டம். கறுப்பு உடம்புக்கு முன்னால் கை தெரிய வேண்டும் என்பதற்கும் அந்த வெள்ளைக் கையுறை உதவியது.

பட்டன் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தொடக்கப் பகுதியில், நிறத்தோடு இருக்கும்போதே, இரண்டு பட்டன்களையும் ஒரு முறை பெரிதாகக் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் சாம்பலுக்கு அர்த்தமே இருக்காது. கறுப்பு வெள்ளையில் இரண்டுக்கும் ஒரே சாம்பல் மதிப்பைக் கொடுங்கள். நிறப்படத்தைச் சும்மா சாம்பலாக மாற்றினால் சிவப்பும் பச்சையும் வெவ்வேறு அடர்த்தியில் வந்து நிற்கும், கூர்மையான கண் கண்டுபிடித்துவிடும். அதனால் கையாலேயே நிரப்புங்கள். பாட்டி "பச்சையை அழுத்து" என்று சொல்லி முடித்ததும் பட்டன்களுக்கு வெட்டுங்கள். அங்கே 36 ஃபிரேம், அதாவது ஒன்றரை விநாடி, எதுவும் அசையக் கூடாது. தாளத்துக்குக் குதித்துக்கொண்டிருந்த குடுவைகூட நிற்க வேண்டும், இசையும் நிற்க வேண்டும். இவ்வளவு நேரம் ஆடிக்கொண்டே இருந்த உலகம் சட்டென்று நிற்பதால் அந்த மௌனத்துக்கு வலு கூடுகிறது. அப்புறம் பேரனின் கண்மணி மட்டும் ஒரு முறை இடது, ஒரு முறை வலது. தலை திரும்ப வேண்டாம். அதற்குப் பிறகே அவன் பாட்டியைப் பார்க்க வேண்டும். இந்த 36 ஃபிரேமை 12 ஆக்கினால் பார்ப்பவருக்கு விஷயம் புரிவதற்குள் காட்சி போய்விடும். 70 ஆக்கினால் அவர் முந்திக்கொண்டு சிரித்து முடித்திருப்பார். அனிமேட்டிக்கில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து உங்கள் காட்சிக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

கடைசியாகத் தூசி, கீறல், படச்சட்டத்தின் லேசான ஆட்டம். குறைவாகப் போடுங்கள். வசனக் காட்சியில் முகத்தின் குறுக்கே கீறல் ஓடக் கூடாது.

இந்தப் பாணியில் கை வைக்கும்போது ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அக்காலக் கார்ட்டூன்களில் நிறத்தையும் இனத்தையும் வைத்து மனிதர்களை இழிவாக வரைந்த படங்கள் நிறைய உண்டு. அசைவின் நுட்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முகங்களை எடுக்காதீர்கள்.

ஏழாம் படி: பிக்சல் பகுதி

240-க்கு 180 அளவில் வரைந்து ஆறு மடங்கு பெரிதாக்குங்கள். சரியாக 1440-க்கு 1080 வரும். முழு எண்ணால்தான் பெருக்க வேண்டும். ஐந்தரை மடங்கு என்று போனால் சில கட்டங்கள் தடித்தும் சில மெலிந்தும் அசிங்கமாகிவிடும். பெரிதாக்கும்போது ஓரத்தை மழுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். மென்பொருள்களில் இதற்கு 'நியரஸ்ட் நெய்பர்' என்று ஒரு தேர்வு இருக்கும். வரைவதற்குப் பிரவுசரிலேயே இயங்கும் பிஸ்கெல் போதும்.

பழைய கேம் இயந்திரங்களின் கட்டுப்பாட்டை உண்மையாகவே கடைப்பிடித்தால் படத்துக்கு நம்பகத்தன்மை வரும். நின்டெண்டோவின் என்.இ.எஸ். இயந்திரத்தில் ஓர் உருவத் துண்டுக்கு மூன்று நிறமும் ஒளி ஊடுருவும் இடமும் மட்டுமே உண்டு. பாட்டிக்கு மூன்று நிறம், பேரனுக்கு மூன்று நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைக்கு நான்கு படம் போதும். உருவத்தைச் சாய்க்கவோ கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கவோ கூடாது; பெரிய பாட்டி வேண்டுமென்றால் புதிதாக வரைய வேண்டும்.

கையேட்டுக் காட்சியில் மட்டும் அந்த விதியை வேண்டுமென்றே மீறுகிறோம். பேரன் பக்கத்தில் கொண்டுபோகும்போது நான்கு புள்ளிகளும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று படிப்படியாகத் தாவிப் பெரிதாகின்றன. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு 'டிக்' ஒலி. கடைசியில் திரை முழுவதும் ஒரே சதுரம். "படிச்சியா?" என்று பாட்டியின் குரல் மட்டும் கேட்கிறது.

எட்டாம் படி: களிமண் பகுதி

இதற்குத் தனி அறை வேண்டும், தனி மனநிலையும் வேண்டும். விநாடிக்கு 12 புகைப்படம் வீதம் 35 விநாடிக்கு 420 புகைப்படம். படத்தொகுப்பில் ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 24 ஃபிரேம் வேகத்தோடு இணைந்துவிடும்.

சூரிய வெளிச்சம் உள்ளே வரவே கூடாது. மேகம் நகர்ந்தால் படம் மினுக்கும். திரைச்சீலையை மூடி, ஒரே மாதிரி எரியும் எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டை வையுங்கள். போனில் வெளிச்ச அளவு, ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். முக்காலியின் கால்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டுங்கள். மேசையும் ஆடக் கூடாது. கருநிற உடை அணியுங்கள், வெளிர் சட்டை களிமண்ணின் மேல் ஒளியைப் பிரதிபலிக்கும். ஷட்டரைத் தொடாமல் ரிமோட்டில் எடுங்கள்.

பொம்மைக்குள் கம்பி எலும்புக்கூடு வையுங்கள். பேரனின் ஒல்லிக் கால் வெறும் களிமண்ணில் நிற்கவே நிற்காது. அந்தப் பெரிய ஷூவுக்குள் ஒரு கனமான நட்டைப் புதைத்து வைத்தால் நிற்பான். வாய்க்கு ஆறேழு வடிவங்களைத் தனியாகச் செய்து மாற்றி மாற்றி ஒட்டுங்கள்.

வழக்கமாகக் களிமண் அனிமேஷன் செய்பவர்கள் கைரேகையை அழிப்பதற்கே பாடுபடுவார்கள். நமக்குக் கைரேகைதான் கதை. ஆனாலும் கண்டபடி பதிய விடாதீர்கள். காட்சி தொடங்கும்போது எல்லாவற்றையும் வழவழப்பாகத் தேய்த்துவிட்டு, பாட்டி கண்டுபிடிக்கப் போகும் இடங்களில் மட்டும் ஒரே ஆளின் கட்டைவிரலை அழுத்துங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால்தான் ரேகை நிழல் விழுந்து தெரியும். நேர் எதிரில் வைத்தால் தட்டையாகிவிடும்.

களிமண் வேண்டாம் என்றால் காகிதக் கட்-அவுட் நல்ல மாற்று. சவுத் பார்க் 1997-இல் தொடங்கியபோது அதன் முதல் எபிசோடைக் காகிதத்தை வெட்டி நகர்த்தியே எடுத்தார்கள். பிறகு அதே தோற்றத்தைக் கணினியில் செய்தார்கள். காகித ஆளுக்குப் பக்கவாட்டில் திரும்பினால் உடம்பே இல்லை, ஒரு கோடுதான். நகைச்சுவைக்கு இதைவிட என்ன வேண்டும்.

அனிமே பாணியில் ஆர்வம் உள்ளவர்கள் அதன் சிக்கனத்தைப் படியுங்கள். 1963-இல் ஒசாமு டெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' டிவிக்கு வந்தபோது வாராவாரம் ஓர் எபிசோடு தர வேண்டியிருந்தது. அசையாத முகத்தில் வாய் மட்டும் அசைவது, நின்ற படத்தின் மேல் கேமரா நகர்வது, வரைந்ததையே மறுபடி எடுத்துப் பயன்படுத்துவது என்று படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் சமாளித்தார்கள். இயந்திரம் மூன்று விநாடியில் வெடிக்கப் போகிறது என்று சொல்லிவிட்டு, பேரன் வேகக்கோடுகளுக்கு நடுவே அந்தரத்தில் உறைந்தபடி முக்கால் நிமிடம் தன் மனதோடு பேசினால் அந்தப் பாணிக்கே உரிய சிரிப்பு கிடைக்கும்.

ஒன்பதாம் படி: ஒலி

படத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை ஒலிக்கும் கொடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள் இலவசம், அதிலேயே எல்லாம் முடியும். கறுப்பு வெள்ளைப் பகுதியை மோனோவாக்கி, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டினால் பழைய திரையரங்க ஒலி போல வரும். பிக்சல் பகுதிக்கு இசை அமைக்கும்போது சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள், என்.இ.எஸ். ஒலியின் அடிப்படை அதுதான். களிமண் பகுதிக்கு இசையே வேண்டாம் என்று நினைக்கிறேன். களிமண் மேசையில் ஒட்டிப் பிரியும் சத்தம், மூச்சு, அறையின் அமைதி போதும். ஆரவாரமான இரண்டு பகுதிகளுக்குப் பிறகு அந்த அமைதி காதுக்கு நன்றாக இருக்கும், கைரேகைக் காட்சிக்குப் பதற்றமும் கூடும்.

பழைய பாடல்களையும் கேம் இசையையும் எடுத்து ஒட்டாதீர்கள். பதிவு எவ்வளவு பழையதாக இருந்தாலும் உரிமை யாரிடமாவது இருக்கலாம். பாணி பொதுச்சொத்து, குறிப்பிட்ட பாட்டும் குறிப்பிட்ட கதாபாத்திரமும் அப்படி அல்ல.

பத்தாம் படி: சேர்ப்பதும் சோதிப்பதும்

டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் எல்லாவற்றையும் 24 ஃபிரேம் வேகத்தில் சேருங்கள். ஃபிரேம்களை ஒன்றோடொன்று கலக்கும் வசதி எங்காவது இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பிக்சலும் களிமண்ணும் குழைந்து போகும்.

பாணி மாறும் கணத்தை எப்படிக் காட்டுவது என்று பலரும் ரொம்ப யோசிப்பார்கள். நேராக வெட்டிவிடுங்கள். பட்டன் அழுந்தும் 'டக்' ஒலி, அடுத்த ஃபிரேமில் புது உலகம். இயந்திரமும் பேரனின் விரலும் திரையில் முன்பு இருந்த அதே இடத்தில் இருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். கண் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் சுற்றி எல்லாம் மாறியது உறைக்கும். இதற்காக ஸ்டோரிபோர்டிலேயே அந்த ஃபிரேமை அளந்து குறித்து வைத்து, எல்லாப் பாணிக்காரர்களுக்கும் அதன் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

படத்தைப் பற்றி எதுவும் தெரியாத இருவரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள், எந்த விநாடியில் சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும், "பாட்டி ஏன் கடைசியில் நம்மைப் பார்த்தாங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வந்தால் கைரேகை வேலை செய்திருக்கிறது. "பொம்மை ரொம்ப அழகா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் பூதக்கண்ணாடிக் காட்சிகளில் ஒன்றை நீட்ட வேண்டும், பெரும்பாலும் பாட்டி தன் மூக்கில் ரேகையைக் காணும் அந்தக் காட்சியை.

வெளியிடும்போது பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவை, தாராளமாக வையுங்கள். கறுப்பு வெள்ளைப் பகுதியில் போட்ட தூசியும் துகளும் குறைந்த பிட்ரேட்டில் சேறாகக் கலங்கிவிடும். ஏற்றுமதி செய்த கோப்பைப் போனிலும் பெரிய திரையிலும் ஒரு முறை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் எந்தப் பாணியை யார் செய்தது என்று தனித்தனியாகப் போடுங்கள்.